இடது முன், வலது பின்

டப்பாக்கள் நாற்பத்தொன்றா நாற்பத்திரண்டா என்று கேட்டால் இப்போது சத்தியம் பண்ணிச் சொல்ல முடியாது. கண்ணாடிக்காரர் வாயால் இதைக் கேட்டவர்கள் நாலைந்து பேர் இருக்கிறோம். ஆளுக்கொரு எண் சொல்கிறோம். அவரிடமே மறுபடி கேட்கலாம்தான். ஆனால் ஒரு கேள்விக்கும் அதன் பதிலுக்கும் நடுவில் அவர் விடுகிற மௌனத்தில் ஒருத்தர் குளித்துவிட்டே வந்துவிடலாம். அன்று ஞாயிற்றுக்கிழமை, பெரியவர் ஷெட்டில் மூக்கை வாசல் பக்கம் வைத்து நின்றிருந்தார், இந்த இரண்டும் நிச்சயம். டப்பாவை நாற்பத்தொன்று என்றே வைத்துக்கொள்வோம்.

பெரியவர் என்பது ஒரு கார். ஐம்பது வருடத்துக்கும் மேல் பழசு. உருண்டை விளக்கு, முன்னால் தொப்பை, எதிர்ப்பக்கமாகத் திறக்கும் பின் கதவுகள். கண்ணாடிக்காரரின் மனைவி அதை ஒரு மழை நாளில் மோட்டார் சைக்கிள் பயணத்தில் கண்டுபிடித்தாள். மூடிக் கிடந்த ஒரு மாவு மில்லின் பின்னால் நின்றிருந்தது, பின் சீட்டில் கோழி அடைகாத்துக்கொண்டிருந்தது. "முட்டை பொரிக்கட்டும், அப்புறம் எடுத்துக்கறேன்" என்று மில்காரரிடம் சொல்லிவிட்டு வந்தாள். மூன்று வாரம் கழித்துப் போய் இழுத்துக்கொண்டும் வந்தாள்.

அவளை எல்லோரும் கேப்டன் என்றுதான் கூப்பிடுவார்கள். வண்டிகளுக்கு சீட் உறை தைப்பது அவள் தொழில். வருடத்துக்கு ஒருமுறை இருபது நாள் மோட்டார் சைக்கிளில் கிளம்பிவிடுவாள். ஓட்டுவது அவள், பின்னால் வரைபடத்தைப் பிடித்துக்கொண்டு உட்காருவது அவர். அதனால் அவருக்கு 'பார்சல்' என்று பெயர் வந்தது. ஒருமுறை ஒரு ஆற்றைக் கடக்கும்போது பாரம் குறையட்டும் என்று அவரை இறக்கிவிட்டாள். அக்கரை ஏறியதும் அவரை மறந்துவிட்டு, அவரோடு பேசிக்கொண்டே ஏழு கிலோமீட்டர் போய்விட்டாள். திரும்பி வந்து, "பதிலே வரலைன்னு சந்தேகமே வரலை. நீங்க பின்னாடி இருந்தாலும் அப்படித்தானே" என்றாள். அவர் ஈரக் கால்சட்டையோடு ஒரு கல்மேல் உட்கார்ந்திருந்தார். அதற்கும் ஒன்றும் சொல்லவில்லை.

கை சும்மா இருக்காத பெண். பழைய ஹேண்டில் பாரை வளைத்துச் சட்டை மாட்டும் கொக்கி செய்திருந்தாள். ஒரு வேகமானியின் கூட்டுக்குள் கடிகாரத்தைப் பொருத்தி, ஒன்று இரண்டு என்பதற்குப் பதில் பத்து, இருபது என்று நூற்றிருபது வரை தானே எழுதியிருந்தாள். "மணி தொண்ணூறாச்சு, கடை திறக்கலையா?" என்பது அந்த வீட்டில் காலை ஒன்பது மணிக்குக் கேட்கிற குரல்.

அந்தக் குரல் நின்று ஒன்பது மாதம் ஆகியிருந்தது.

தலைக்குள் ஒரு கட்டி. முதல் அறுவையில் எடுத்தார்கள், மறுபடி வந்தது. டாக்டர் சுற்றி வளைக்காமல் சொன்னார். "இன்னொரு தடவை திறந்தா ரெண்டு மூணு வருஷம் கிடைக்கலாம். படுத்த படுக்கையாவும் ஆகலாம். திறக்கலைன்னா மாசக் கணக்குதான்."

கேப்டன் யோசிக்கவே இல்லை. "வேண்டாம் டாக்டர். படுத்துத்தான் கிடக்கணும்னா நான் எங்க வண்டிக்கு அடியில படுத்துக்கறேன்."

ஒரு படிவம் கொடுத்தார்கள். மேலே அவள் கையெழுத்து. கீழே, 'நோயாளி தெளிந்த புத்தியுடன் இம்முடிவை எடுத்துள்ளார் என்பதற்கு நான் சாட்சி' என்ற வரிக்குக் கீழே அவர் கையெழுத்து. பேனா எழுதவில்லை, மேசைமேல் கிறுக்கிப் பார்த்து, இரண்டாம் முறை போட்டார். அதற்கு அடுத்த ஒரு மாதம் அவள் பெரியவரின் அடிப்பக்கத்தை முழுக்கக் கழற்றினாள். மேல்பாகங்களை அதற்கு முந்தைய வருடங்களிலேயே கழற்றி, துடைத்து, பெயர் ஒட்டி அடுக்கியிருந்தாள். மிச்சம் இருந்தது அடிப்பக்கம்தான். ஒவ்வொரு டப்பாவிலும் ஒரு சீட்டு: பாகத்தின் பெயர், இடம், தேதி. நாற்பத்தொரு டப்பா, ஒரே மாதம். ஐந்தாம் மாதம் போய்ச் சேர்ந்தாள். கடைசி மூன்று வாரம் யாரையும் அடையாளம் தெரியவில்லை. தம்பியை டாக்டர் என்றாள், கணவரை யாரென்று கேட்டாள்.

தம்பி அக்காவின் முடிவை ஒத்துக்கொள்ளவே இல்லை. அவன் லாரி மெக்கானிக். திறந்தால் சரியாகும் என்று நம்புகிற தொழில். "நீங்க ஒரு வார்த்தை அதட்டிச் சொல்லியிருந்தா கேட்டிருப்பா அத்தான்" என்று ஆஸ்பத்திரி வராந்தாவில் சொன்னதோடு பேச்சை நிறுத்திக்கொண்டான்.

கண்ணாடிக்காரர் ஒருநாளும் அழவில்லை. துக்கம் கேட்க வந்தவர்கள் அவர் இடிச்ச புளி மாதிரி உட்கார்ந்திருப்பதைப் பார்த்துவிட்டு, தாங்களே கொஞ்சம் அழுதுவிட்டுப் போனார்கள். பதினோராம் நாள் கண்ணாடிக் கடையைத் திறந்தார். வருகிறவர்களை நாற்காலியில் உட்காரவைத்து, மூக்கில் சோதனைச் சட்டத்தை மாட்டி, வில்லைகளை மாற்றி மாற்றிப் போட்டார். "எது தெளிவா இருக்கு? இதா... இதா?" என்று கேட்டார். மற்றவர்களுக்கு எது தெளிவாக இருக்கிறது என்று கேட்டே நாள் ஓடியது. வீட்டில் நின்றுகொண்டே சாப்பிட்டார். உப்பு இருக்கிறதா என்பது தட்டைக் கழுவும்போதுதான் நினைவுக்கு வரும். பல்லுக்கு மருந்து போட்டு மரத்துப்போன கன்னத்தை நாமே தொட்டுப் பார்ப்போமே, அப்படித்தான் தன்னைத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அவள் போன ஏழாம் மாதம் தம்பி கருவிப் பெட்டியோடு வந்து வாசலில் நின்றான்.

"அக்கா ஆரம்பிச்சதை அப்படியே போட்டு வைக்கக் கூடாது அத்தான். ஞாயித்துக்கிழமை ஞாயித்துக்கிழமை வரேன். நீங்க டப்பாவை எடுத்துக் குடுங்க, போதும்."

"சரி மாப்ளே."

அவ்வளவுதான் சமாதானம்.

முதல் ஞாயிறு அவன் பட்டறை ஆட்கள் நாலு பேரோடு வந்து காரைத் திருப்பினான். பன்னிரண்டு வருடமாகப் பெரியவரின் மூக்கு பின்சுவரைப் பார்த்து இருந்தது. சுவருக்கும் அதற்கும் இரண்டு சாண் கூட இல்லை. "இன்ஜின் பக்கம் வெளிச்சம் வேண்டாமா? அக்கா எப்படித்தான் இந்தக் குகைக்குள்ள வேலை பார்த்தாளோ" என்று திட்டிக்கொண்டே மூக்கை வாசலுக்குத் திருப்பி, வால் பக்கமும் ஆள் நுழைய இடம் விட்டு, நாலு மூலையிலும் தாங்கி கொடுத்து நிறுத்தினான்.

மேல்வேலை கிடுகிடுவென்று நடந்தது. கதவு, விளக்கு, கண்ணாடி எல்லாம் சீட்டில் எழுதியபடி போய் உட்கார்ந்தன. தம்பி சீட்டுகளைக் கையை முழுசாக நீட்டிப் பிடித்துத்தான் படிப்பான். நாற்பத்தெட்டு வயது.

"ஒரு கண்ணாடி போட்டுக்கயேன் மாப்ளே."

"உங்க கடைக்கு நான்தான் கிடைச்சேனா? கண்ணாடி போட்டவன் கையில எவன் லாரியை விடுவான்?"

"கை நீளம் பத்தாமப் போற நாள் வரும்."

"வந்தா கையை நீட்டிக்கறேன், போங்க அத்தான்."

அவர் சிரித்தார். சிரிப்பு வாயில்தான் இருந்தது என்பது அவருக்கே தெரிந்தது.

எட்டாவது ஞாயிறு அடிப்பக்கம். தம்பி சக்கரப் பலகையில் மல்லாந்து, காரின் மூக்குப் பக்கமாக உள்ளே போனான். அவர் டப்பாவை நீட்டினார். "இடது முன். மட்கார்டு தாங்கி."

உள்ளே இரும்போடு இரும்பு உரசியது. பிறகு, "அடுத்தது குடுங்க, இது எதிர்ப்பக்கத்து ஆளு" என்றான். "அக்காவும் ஆள்தானே, ஒண்ணு ரெண்டு மாறும்."

அடுத்தது 'வலது முன்'. அது இடது பக்கத்தில் உட்கார்ந்தது. அதற்கடுத்தது பிரேக் குழாய்ப் பிடி, அதுவும் மாறி. ஸ்பிரிங் பட்டைக் கொண்டி மாறி. ஆறாவது டப்பாவில் தம்பி கேலியை நிறுத்தினான். பத்தாவதில் வெளியே வந்து, பலகை மேலேயே எழுந்து உட்கார்ந்தான். நெற்றியில் எண்ணெய்க் கோடு.

"அத்தான். ஓட்டுற சீட்ல உக்காந்து எந்தக் கை இடதோ, அதுதான் வண்டிக்கு இடது. எல்லா மெக்கானிக்குக்கும் அதுதான் அரிச்சுவடி. எனக்கு அதைச் சொல்லிக் குடுத்ததே யாரு?"

"கேப்டன்."

"அப்புறம் எப்படி?"

தம்பி டப்பாவை எடுத்து, கையை நீட்டி, சீட்டில் இருந்த தேதியைப் படித்தான். இன்னொன்றைப் படித்தான்.

"எல்லாம் அந்த மாசம்தான். நீங்க கையெழுத்துப் போட்ட மாசம்." குரலை உயர்த்தவே இல்லை. "அப்பவே அவளுக்கு இடது எது வலது எதுன்னு தெரியலை. அந்த நிலைமையில இருந்தவ வேண்டாம்னு சொன்னா, நீங்க சாட்சிக் கையெழுத்துப் போட்டிருக்கீங்க."

ஸ்பேனரைத் தூக்கி எறிந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவன் அதைத் துணியால் துடைத்து, மெதுவாகப் பெட்டியில் வைத்து, பெட்டியை மூடாமல் அப்படியே விட்டுவிட்டுப் போனான்.

அந்த வாரம் கண்ணாடிக்காரர் வழக்கம்போலக் கடை திறந்தார். ஒரு அம்மாள் புதுக் கண்ணாடியோடு சண்டைக்கு வந்தாள். "இதைப் போட்டா படிக்கட்டு என்னைப் பார்த்து எந்திரிச்சு வருது!" அவர் அவளை அதே நாற்காலியில், அதே தூரத்தில் உட்காரவைத்து மறுபடி சோதித்தார். குறை சொல்லி வருகிறவரைக் கண் சரியில்லை என்று சொல்லிவிடக் கூடாது, முதலில் அவர் பார்த்த இடத்திலிருந்தே பார்க்கவேண்டும் என்பது அவர் தொழில் பழக்கம். சட்டம் கோணலாக இருந்தது, நிமிர்த்திக் கொடுத்தார்.

மற்ற நேரமெல்லாம் அந்த மாதத்தை நாள் நாளாக எடுத்துப் பார்த்தார். பாலை அடுப்பில் வைத்துவிட்டு மறந்தாள் ஒருநாள். ஆனால் அவள் எந்த வருடம் மறக்காமல் இருந்தாள்? வாயில்வரை வந்த பெயர் கிடைக்காமல், "அதான், அந்த மூக்கு நீளம்" என்று பக்கத்து வீட்டுக்காரரைச் சொன்னாள். அதுவும் அவள் வழக்கமாகச் சொல்கிறதுதான். எதைத் தொட்டாலும் இரண்டு பக்கமும் பொருந்தியது. தம்பி சொன்னது உண்மையென்றால், அவள் வேண்டாம் என்று சொல்லவே இல்லை. அவளுக்குள் இருந்த கட்டி சொன்னது. அதற்குத்தான் அவர் சாட்சி. இதை நினைத்தபோது நெஞ்சு அடைக்கும் என்று எதிர்பார்த்தார். ஒன்றும் அடைக்கவில்லை. விளக்கை அணைப்பதா வேண்டாமா என்று யோசிக்கிறது போலத்தான் இருந்தது.

ஒன்பதாவது ஞாயிறு தம்பி வரவில்லை. சுவரில் மணி நூறு ஆனது, நூற்றுப்பத்தும் ஆனது. கண்ணாடிக்காரர் ஷெட்டுக்குப் போனார். திறந்து கிடந்த கருவிப் பெட்டியை மூடினார். பிறகு, கடையில் செய்கிறதை இங்கேயும் செய்தால் என்ன என்று தோன்றியது. விளக்கை எடுத்துக்கொண்டு, பலகையில் மல்லாந்து படுத்து, தம்பி போன வழியிலேயே உள்ளே நகர்ந்தார். பன்னிரண்டு வருடத்தில் அவர் பெரியவருக்கு அடியில் போனது அதுதான் முதல் தடவை. துரு, கறுப்பு, போல்ட் ஓட்டைகள். ஒவ்வொரு ஓட்டைக்குப் பக்கத்திலும் நூல் போல வெள்ளையாக ஏதோ கீறல். விளக்கை நெருங்கக் கொண்டுபோனார். தையல் சுண்ணக்கட்டி. அவள் சீட் துணியில் கோடு போடுகிற கட்டி, கூராக்கிப் பிடித்து எழுதியது. எழுத்துதான், ஆனால் படிக்க வரவில்லை. முப்பது வருடம் கண் சோதிக்கும் எழுத்துப் பலகையோடு காலம் தள்ளியவருக்கு அது ஏன் என்று புரிய அதிக நேரம் ஆகவில்லை. எழுத்து தலைகீழாக இருந்தது.

யாரும் தலைகீழாக எழுதமாட்டார்கள்.

வெளியே வந்தார். காரைச் சுற்றி நடந்து, வால் பக்கம் போய், மறுபடி படுத்து உள்ளே போனார். எழுத்துகள் நிமிர்ந்து நின்றன. இடது கைக்கு மேலே 'இ'. வலது கைக்கு மேலே 'வ'. ஒவ்வொரு ஓட்டைக்கும், வரிசையாக, பிசிறில்லாமல்.

மூக்கு சுவரோடு ஒட்டிக் கிடந்த வண்டிக்கு அடியில் அவள் வேறு எப்படிப் போயிருக்க முடியும்? வால் பக்கமாகத்தான். தலை காரின் மூக்கைப் பார்க்க, கால் வாசலுக்கு வெளியே நீட்டி. அப்படிப் படுத்தால் அவள் இடது, வண்டியின் வலது. கடையில் எதிரே உட்கார்ந்திருப்பவரின் வலது கண் எப்போதும் அவருடைய இடது கைப் பக்கம்தான். முப்பது வருடமாக அதை யோசிக்காமல் மாற்றி எழுதிக்கொண்டிருந்தவர் அவர். டப்பாவை நீட்டியபோது அது தோன்றவே இல்லை.

மெக்கானிக் விதியை அவள் அங்கே மறந்திருக்கலாம். அல்லது, கழுத்தைத் தூக்கிக்கூடப் பார்க்க முடியாத அந்த மாதத்தில், தன் கை இருக்கும் பக்கத்தையே எழுதினால் போதும் என்று இருந்திருக்கலாம். அது அவருக்குத் தெரியாது. ஆனால் தன் இடது கை எது, வலது கை எது என்று அந்த மாதம் முழுக்க அவளுக்குத் தெரிந்திருந்தது.

இப்போது அழுகை வரும் என்று நினைத்து, விளக்கை அணைத்துவிட்டுக் காத்திருந்தார். வரவில்லை. முதுகு குளிர்ந்தது. வெகுநேரம் கழித்துத் தொலைபேசியை எடுத்தார்.

"மாப்ளே, வா."

"எதுக்கு?"

"வா."

தம்பி வரும்போது கண்ணாடிக்காரர் கடையிலிருந்து சோதனைச் சட்டத்தையும் வில்லைப் பெட்டியையும் எடுத்து வந்து வைத்திருந்தார். வட்டமான இரண்டு கூடு, திருகு, கண்ணைச் சுற்றி எண்கள். அதை மாட்டினால் எப்பேர்ப்பட்டவனும் கோமாளிதான்.

"என்ன அத்தான் இது?"

"போட்டுக்க."

"நான்தான் சொன்னேனே..."

"போட்டுக்கடா."

பதினெட்டு வருட உறவில் அவர் 'டா' போட்டது அதுதான் முதல் தடவை. தம்பி போட்டுக்கொண்டான். வால் பக்கமாகப் படுத்துப் போகச் சொன்னார், போனான். இவர் வெளியே குத்துக்காலிட்டு உட்கார்ந்தார். நீண்டிருந்த அவன் செருப்புகளைப் பார்த்துக்கொண்டே, கடையில் கேட்கிற குரலில் கேட்டார்.

"என்ன தெரியுது?"

"தெரியுது... எழுத்து." கொஞ்சம் கழித்து, "இது போன வாரமும் இருந்துச்சா?"

"இருந்துது. எந்தக் கைப் பக்கம் என்ன எழுத்து?"

"இடது கைக்கு இ." பலகையின் சக்கரம் கிறீச்சிட்டது. "இங்கேயும் இ. அந்தப் பக்கம் வ... வ... வ." அவன் ஒவ்வொன்றாகப் படித்துக்கொண்டே போனான். பிறகு படிப்பது நின்றது.

வெளியே ஒருவர், உள்ளே ஒருவர். ஷெட் கூரையில் ஒரு பறவை நடந்து போவது கேட்டது.

"அப்போ புத்தியோடதான் வேண்டாம்னு சொல்லியிருக்கா" என்றது உள்ளிருந்து குரல்.

"ஆமா."

"அத்தான்."

"சொல்லு."

"இது அதைவிட மோசம் அத்தான். போன வாரம் உங்க மேல கோவமாவது இருந்துச்சு."

கண்ணாடிக்காரர் முன்னால் நகர்ந்தார். அவன் வலது கணுக்காலைப் பிடித்துக்கொண்டார். உள்ளே அவன் அழுவது அந்தக் காலிலேயே தெரிந்தது. பிடித்த பிடியை விடாமல் அவன் நிறுத்தும்வரை அப்படியே உட்கார்ந்திருந்தார்.

வெளியே வந்தபோது தம்பியின் வில்லைகளில் ஆவி படிந்திருந்தது. சட்டைமுனையால் துடைத்துவிட்டு, டப்பாக்களைப் பார்த்தான். "எல்லாத்தையும் மாத்தி மாட்டினா சரியா வரும். குடுங்க."

மாற்றி மாட்டினார்கள். நாற்பது டப்பா சரியாக வந்தது. ஒன்று மட்டும், 'இடது பின்' என்று எழுதியிருந்த ஒரு சின்னக் கொக்கி, இந்தப் பக்கமும் உட்காரவில்லை, அந்தப் பக்கமும் உட்காரவில்லை. தம்பி அதை விரலில் மாட்டிச் சுழற்றினான். "நாப்பத்தொண்ணுல ஒண்ணு நானும் விடுவேன்" என்றான். கண்ணாடிக்காரர் அதை வாங்கி டப்பாவிலேயே போட்டு மூடினார்.

பெரியவர் மூன்று மாதம் கழித்துச் சாலையில் இறங்கினார். இப்போதும் ஓடுகிறார், மேட்டில் மூச்சு வாங்குவார். தம்பிக்குக் கண்ணாடி இரண்டு புள்ளி ஐந்து. பெரும்பாலும் நெற்றிமேல்தான் இருக்கும். லாரிகள் வருவது குறையவில்லை. மோட்டார் சைக்கிளை அவன் மகள் ஓட்டுகிறாள். கண்ணாடிக்காரர் கடை நடத்துகிறார். நின்றுகொண்டே சாப்பிடுவதை விட்டுவிட்டார். ஞாயிற்றுக்கிழமைகளில் தம்பி காரை எடுக்க, அவர் பக்கத்தில் உட்கார்ந்து வரைபடத்தைப் பிடித்துக்கொண்டு வருகிறார், இருவரும் பேசிக்கொள்வதில்லை. படிவத்தின் நகல் மேசை இழுப்பறையில் இருக்கிறது. அவர் இன்னும் அழவில்லை. அந்த ஒரு டப்பா, வேகமானிக் கடிகாரத்துக்குக் கீழே, அலமாரியில் இருக்கிறது.